காற்றறிந்து நடப்போம்

தீவகத்தாருக்குக் காற்றைப்பற்றி எவரும் பாடஞ் சொல்ல வேண்டியதில்லை. மார்கழியில் வாடை எப்படி வீசும், ஆனி ஆடியில் சோழகம் எவ்வளவு உரக்கும், கொண்டலுக்கும் கச்சானுக்கும் குணம் என்ன என்பவற்றை ஏடு தொடாத முதியவரும் அறிவர். நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு வரும் ஒருவர் படகிற் கால் வைக்குமுன் வானத்தையும் கடலையும் ஒருமுறை பார்த்துக்கொள்வார். காற்று எப்பக்கம், அலை எப்பக்கம், தாம் எப்பக்கம் அமர்ந்தால் நனையாமற் போய்ச் சேரலாம் என்பவற்றை அவர் எவரிடமும் கேட்பதில்லை.

அதே மனிதர் பஸ் ஏறிப் பண்ணைப் பாலத்தைக் கடந்து யாழ்ப்பாணப் பட்டினத்தில் இறங்கியதும் அந்த அறிவையெல்லாம் மறந்துவிடுகிறார். இயங்கிக்கொண்டு நிற்கும் ஒரு பஸ் வண்டியின் புகைக்குழாய்க்கு நேர் பின்னால் நின்று, கையிலுள்ள சீட்டில் எழுதிய சாமான்களை ஆறுதலாக எண்ணிப் பார்க்கிறார். அருகே அவருடைய பேரப்பிள்ளை நிற்கிறான். குழாயின் வாயும் பிள்ளையின் முகமும் ஏறத்தாழ ஒரே உயரத்தில் இருக்கின்றன என்பதை அவர் கவனிப்பதில்லை.

இதை ஒரு குற்றமாகச் சொல்லவில்லை. நானும் பல்லாண்டுகள் அவ்வாறே நின்றவன்தான். என் கண்ணைத் திறந்தவன் என் மாணாக்கன் ஒருவன்.

ஒரு தாயின் கேள்வி

அவன் ஊர்காவற்றுறைப் பக்கத்துப் பையன். உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படித்தான். சிறு வயது முதல் தொய்வு நோயுடையவன். ஊரில் இருக்கும்போது அது அவனை அதிகம் வருத்துவதில்லை. ஆனால் வார இறுதியில் மேலதிக வகுப்புக்காக வேலணை, அல்லைப்பிட்டி, மண்டைதீவுச் சந்தி வழியாகப் பட்டினம் போய்வருவான். அவ்வாறு போய்வந்த இரவுகளில் இழுப்புத் தொடங்கிவிடும். திங்கட்கிழமை காலையில் வகுப்பிலே அவனுடைய ஆசனம் வெறுமையாக இருக்கும்.

ஒருநாள் அவனுடைய தாயார் என்னைக் காண வந்தார். “மாஸ்ரர், பிள்ளைக்குப் படிப்பும் வேணும், மூச்சும் வேணும். இதில நான் எதை விடுறது?” என்று கேட்டார். அடுத்த வாரம் முதல் அவனைப் பட்டினத்துக்கு அனுப்புவதில்லை என்று அவர் ஏறக்குறைய முடிவு செய்துவிட்டார் என்பது அந்தக் குரலிலே தெரிந்தது.

எனக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை. “பொறுங்கோ தங்கச்சி, வாற சனிக்கிழமை நானும் தம்பியோடை ஒருக்காப் போய்ப் பாக்கிறன்” என்று மட்டும் சொன்னேன். அந்தச் சனிக்கிழமை நடந்த நடையைப்பற்றி எழுதுமுன், வீதிப் புகையில் என்ன இருக்கிறது என்பதைச் சிறிது அறிந்துகொள்வது நலம்.

கண்ணுக்குப் புலப்படாத பகை

வீதியிலே எழும் செம்மண் தூசி கண்ணுக்குத் தெரியும். அது மூக்கை அரிக்கும், தும்மலை வருவிக்கும். மூக்கின் மயிரும் தொண்டையின் சளியும் அதிற் பெரும்பகுதியைத் தடுத்து நிறுத்திவிடும். எஞ்சின்களின் வயிற்றிலிருந்து வரும் நுண்துகள்கள் வேறு வகையின. 2.5 மைக்கிரோனுக்குக் குறைந்த குறுக்களவுள்ள துகள்களையே அறிஞர் மிகவும் அஞ்சுகின்றனர். நமது தலைமயிர் ஒன்றின் தடிப்பில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்குதான் அது. இத்துகள் நுரையீரலின் கடைசி அறை வரை செல்லும். அவற்றுள் மிக நுண்ணியவை இரத்தத்திலும் கலக்கும்.

டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோயை விளைவிப்பது என்று உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு நிலையம் 2012ஆம் ஆண்டில் அறிவித்தது. 2021இல் உலகச் சுகாதார நிறுவனம் புதிய வரம்பொன்றை வகுத்தது. அதன்படி ஒரு கனமீற்றர் காற்றில் இந்நுண்துகள் ஆண்டுச் சராசரியாக 5 மைக்கிரோகிராமுக்கு மேற்படலாகாது. இலங்கை 2008இல் வகுத்த வரம்போ 25 மைக்கிரோகிராம். நம் நாட்டின் அளவுகோலால் ‘நன்று’ எனப்படும் காற்றும் முற்றிலும் தூயதன்று என்பதை இவ்விரு எண்களும் காட்டும்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஓய்வாக அமர்ந்திருப்பவர் நிமிடத்துக்கு 6 முதல் 8 லீற்றர் காற்றை உள்ளிழுக்கிறார். விரைந்து நடப்பவர் அதைப்போல் மூன்று நான்கு மடங்கை இழுக்கிறார். பிள்ளைகளோ தம் உடல் எடைக்கு ஒப்பிடும்போது பெரியவர்களினும் மிகுதியான காற்றை உட்கொள்கின்றனர். எனவே வீதியைப் புகையால் நிரப்புகிறவர் வண்டிக்குள் இருக்க, அப்புகையை மூச்சு வாங்கி வாங்கி உட்கொள்பவர் கால்நடையாகச் செல்பவராக இருக்கிறார். இது நியாயமா என்பதைப் பின்னர்ப் பார்ப்போம்.

இலண்டனில் நடந்த நடை

வீதியில் நடக்கும் சிறு பொழுதினால் அவ்வளவு தீங்கு வருமா என்று சிலர் ஐயுறலாம். அந்த ஐயத்தைத் தீர்க்கும் ஆய்வொன்று நம்மவர் பலர் குடியேறி வாழும் இலண்டன் மாநகரில் நடைபெற்றது. தொய்வு நோயுள்ள 60 பேரை அங்குள்ள ஆராய்ச்சியாளர் தெரிந்தெடுத்தனர். ஒருநாள் அவர்களை ஒக்ஸ்போட் வீதியில் இரண்டு மணி நேரம் நடக்கச் செய்தனர். டீசலில் ஓடும் பஸ்களும் வாடகை வண்டிகளும் நிறைந்த கடைத்தெரு அது. வேறொரு நாள் அதே மனிதரை ஹைட் பூங்காவில் அதே நேரம் நடக்கச் செய்தனர். 2007ஆம் ஆண்டு வெளிவந்த முடிவு தெளிவாக இருந்தது. கடைத்தெருவில் நடந்தபின் அவர்கள் மூச்சை விசையுடன் வெளிவிடும் ஆற்றல் 6 விழுக்காடு வரை குறைந்தது. பூங்காவில் நடந்தபோது ஏற்பட்ட குறைவு அதனினும் மிகச் சிறிது.

இந்த ஆய்வில் என் மனத்தைக் கவர்ந்தது ஒன்றுண்டு. ஒக்ஸ்போட் வீதியின் மேற்கு முனையிலேயே ஹைட் பூங்கா தொடங்குகிறது. ஊர் ஒன்று, நாடு ஒன்று, நடந்தவரும் அவரே. நடந்த வழி மட்டுமே வேறு. சில நூறு அடி விலகி நடப்பதனால் மூச்சின் நிலை மாறுமாயின், நம் பட்டினத்திலும் அது மாறத்தானே வேண்டும்?

சனிக்கிழமை நடை

அந்தச் சனிக்கிழமை நானும் பையனும் பட்டினத்தில் இறங்கினோம். வழக்கம்போல் நடக்குமாறு அவனிடம் கூறிவிட்டுப் பின்னே சென்றேன். அவன் பெருவீதியின் ஓரமாகவே நடந்தான். நடைபாதையின் பாதியைக் கடைச் சாமான்களும் நிறுத்திவைத்த மோட்டார் சைக்கிள்களும் பிடித்திருந்தன. ஆகவே அவன் பலமுறை வீதியிலேயே இறங்கி நடக்க நேர்ந்தது. சந்தியில் வண்டிகள் உறுமிக்கொண்டு நின்றன. அவற்றின் நடுவே நின்று அவன் வழிக்காகக் காத்திருந்தான். வகுப்பை அடைய 15 நிமிடம் சென்றது. மாலையில் பஸ்ஸுக்காக நின்ற நேரமோ அதனினும் அதிகம். இயங்கும் எஞ்சின்களுக்கு அருகே நின்ற அந்தக் காத்திருப்பே அன்றைய நாளின் மிகக் கெட்ட பகுதி என்று எனக்குத் தோன்றியது.

அவன் வகுப்பிலிருந்த நேரத்தில் நான் சுற்றுவட்டாரத்தை நடந்து பார்த்தேன். யாழ்ப்பாணத்தின் செல்வங்களுள் ஒன்று அதன் ஒழுங்கைகள். எந்தப் பெருவீதிக்கும் பின்னால் வேலியும் மதிலும், வேம்பும் பூவரசும் நிற்கும் ஒழுங்கையொன்று வளைந்து வளைந்து சென்றுகொண்டிருக்கும். துவிச்சக்கரவண்டியன்றி வேறு வண்டி அதில் அரிதாகவே வரும். பையனின் வகுப்புக்கும் அவ்வாறு ஒரு வழி இருந்தது. அவ்வழியாற் செல்ல நான்கு நிமிடம் கூடுதலாகும். அவ்வளவுதான் விலை.

“தம்பி, இனி இந்த ஒழுங்கையாலை வா” என்றேன். “இது சுத்து வழியெல்லோ, சேர்?” என்று சிரித்தான். “கடலிலை காத்துக்கு ஏத்த மாதிரிச் சுத்தித்தானே போறம்?” என்று நானும் சிரித்தேன். தீவுப் பிள்ளைக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

வீதியின் காற்றுக் கணக்கு

அன்று முதல் நான் கற்றும் கண்டும் அறிந்தவற்றை வாசகர்க்குச் சுருங்கச் சொல்லுகிறேன்.

முதலாவது, விலகி நில்லுங்கள். புகை குழாயை விட்டு வெளிவந்ததும் விரைவாக விரிந்து மெலிகிறது. வீதியோரத்தில் முதற் சில மீற்றர்களிலேயே வேறுபாடு பெரிது. சந்தியில் மாறக் காத்திருக்கும்போது விளிம்பில் நிற்காமல் சில அடி பின்வாங்கி நிற்றல் வேண்டும். நடைபாதையில் கடைச் சுவரோரமாக நடத்தல் நன்று. பிள்ளையைக் கைப்பிடித்துச் செல்பவர் அதனை வீதிப் பக்கம் விடாமல் உட்பக்கம் கொள்ள வேண்டும். விபத்துக்கு அஞ்சி நம் தாய்மார் ஏற்கெனவே செய்துவரும் காரியமே இது.

இரண்டாவது, காற்றின் பக்கம் பாருங்கள். தாழ்ந்த வீடுகளும் வெளியும் உள்ள வீதியிலே காற்று எப்பக்கமிருந்து வருகிறதோ அப்பக்கமே நடக்க வேண்டும். புகை அப்போது நம்மை விட்டு மறுபக்கம் போகும். ஆனால் இருமருங்கும் மாடிக் கட்டடங்கள் நெருங்கி நிற்கும் வீதியில் கணக்கு மாறிவிடும். கூரைகளுக்கு மேலே குறுக்காக வீசும் காற்று உள்ளே இறங்கிச் சுழிபோற் சுழன்று, நிலமட்டத்தில் எதிர்த்திசையில் திரும்பி வரும். அதனால் காற்று வரும் பக்கத்துக் கட்டடங்களின் அடியிலேயே புகை குவியும். கடலிற் சுழியை அறிந்தவர்க்கு இதை விளங்கிக்கொள்வது கடினமன்று. நம் பட்டினத்தில் மாடிகள் உயர உயர இந்த இரண்டாங் கணக்கே பெரிதும் பொருந்தி வரும்.

மூன்றாவது, பொழுதைத் தெரிந்துகொள்ளுங்கள். காற்று அசையாத குளிர்ந்த காலை வேளைகளிற் புகை மேலெழாது நிலத்தோடு படிந்து கிடக்கும். பள்ளியும் அலுவலகமும் தொடங்கும் நேரமும் அதுவேயாதலால் தீங்கு இரட்டிக்கும். கடைச் சாமான் வாங்கப் போகிறவர் ஒரு மணி நேரம் பிந்திச் சென்றால் இழப்பொன்றுமில்லை.

நான்காவது, கைக்குட்டையை நம்பவேண்டாம். முகத்தில் அணியும் துணி பெருந்தூசியைத் தடுக்கும். நுண்துகளோ அதன் இழைகளினூடே எளிதிற் புகுந்துவிடும். முகத்தோடு இறுகப் பொருந்தும் என்–95 வகைக் கவசமே அதைத் தடுக்க வல்லது. தொய்வுள்ளவர் எதைச் செய்யினும் வைத்தியர் தந்த மருந்தை நிறுத்தலாகாது.

இவையெல்லாம் புகை வீதியில் மட்டும் உள்ள நாட்களுக்குரியவை. காற்று முழுவதுமே கெட்டுவிடும் நாளும் வரலாம். 2022ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் மாண்டஸ் சூறாவளி வங்காள விரிகுடாவில் நின்றபோது, இந்தியப் பெருநிலத்தின் மாசடைந்த காற்று இலங்கைமீது கவிந்தது. யாழ்ப்பாணம், கொழும்பு உட்படப் பல நகரங்களிற் காற்றின் தரம் தாழ்ந்தது. டிசம்பர் 9ஆந் தேதி நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டன. கடல் சூழ்ந்த தீவகமும் அன்று தப்பவில்லை. அத்தகைய நாளில் ஒழுங்கையும் உதவாது. வீட்டில் இருப்பதே தக்கது.

நடப்பவர் மட்டும் விலக வேண்டுமா?

இனி நியாயத்தைப்பற்றி ஒரு வார்த்தை. புகையைத் தருபவர் நேர்வழியிற் செல்ல, அதைத் தராதவர் சுற்றுவழியிற் செல்வது எந்த ஊர் வழக்கு? பையனுக்கு ஒழுங்கையைக் காட்டியது அன்றைய இடருக்கு மருந்து. அதுவே முடிந்த முடிபாகிவிடக் கூடாது. எல்லா நடைவழிக்கும் பின்னால் ஒழுங்கை இருப்பதில்லை. முதியவரும் நோயாளரும் நான்கு நிமிடம் கூட நடக்க வல்லவரல்லர். யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரி வீதியிலேயே வைத்தியசாலையும் இருக்கிறது, பஸ் நிலையமும் இருக்கிறது. மூச்சுக்கு மருந்து தேடி வருபவர் அவ்வீதியைத் தவிர்த்து எங்ஙனம் செல்வர்?

ஊராரும் நகரசபையாரும் சேர்ந்து செய்யக்கூடியவை பல. பெருஞ்செலவு வேண்டாதவற்றையே இங்குச் சொல்கிறேன். நிறுத்தி வைத்திருக்கும் வண்டியின் எஞ்சினை அணைத்துவிடுவது சாரதியின் கைத்தொழில். அதற்குக் காசு தேவையில்லை, எரிபொருளும் மிச்சமாகும். நடைபாதை நடப்பவர்க்கே உரியது என்பதைக் கடைக்காரர் ஒப்புக்கொண்டால், பிள்ளைகள் வீதியில் இறங்க வேண்டியதில்லை. வெளியான வீதிகளில் நடைபாதைக்கும் வண்டிப்பாதைக்கும் இடையே அடர்ந்த செடிவேலி வளர்த்தால் அது புகையின் ஒரு பங்கை மறைத்து நிற்கும். வேலி கட்டி வாழ்வதற்குப் பெயர்போன நம் சமூகத்துக்கு இது புதிதாகத் தோன்றாது. ஆனால் மாடிகள் நெருங்கிய ஒடுங்கிய வீதியில் மேலே கவிந்து மூடும் பெருமரங்கள் புகையை உள்ளேயே சிறைப்படுத்திவிடவும் கூடும். எங்கே எதை நடுவது என்பதை அறிந்து நட வேண்டும். குப்பையை வீதியோரத்திற் கொளுத்தும் வழக்கத்தையும் விட்டொழிக்க வேண்டும். அப்புகைக்கும் டீசற் புகைக்கும் நுரையீரல் வேற்றுமை பாராட்டுவதில்லை.

அரசு மனம் வைத்தால் மாற்றம் வரும் என்பதற்கும் சான்றுண்டு. ஈயங் கலந்த பெற்றோல் இலங்கையில் 2002ஆம் ஆண்டு நிறுத்தப்பட்டது. 2008இல் வண்டிகளின் புகையைச் சோதிக்கும் திட்டம் தொடங்கியது. கடலுக்கு அப்பால் சென்னை தியாகராய நகரில், நெரிசலுக்குப் பெயர்பெற்ற பாண்டி பஜாரில் அகன்ற நடைவழியை 2019இல் அமைத்தனர். இலண்டனிற் சில பள்ளிகளின் வாயிலில், பிள்ளைகள் வரும் நேரத்திலும் போகும் நேரத்திலும் வண்டிகளுக்கு வழியடைத்துவிடுகின்றனர். ஒரு கயிறும் ஒரு காவலாளியும் இருந்தால் நம் கல்லூரி வாயில்களிலும் இதைச் செய்து பார்க்கலாம்.

சொல்ல வேண்டியது கடமை

இலண்டனில் எல்லா அடூ-கிஸ்ஸி-டெப்ரா என்னும் சிறுமி நெரிசல் மிக்க பெருந்தெருவொன்றின் அருகே வாழ்ந்தாள். கடுந் தொய்வினால் 2013ஆம் ஆண்டு, தன் 9ஆம் வயதில், இறந்தாள். தாயார் ஓயாது முயன்றதன் பயனாக மீண்டும் விசாரணை நடந்தது. காற்று மாசும் அவளுடைய மரணத்துக்கு ஒரு காரணம் என்று 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். அவர் மேலும் ஒன்றைக் குறித்தார். காற்றின் தீங்கைப்பற்றி அத்தாய்க்கு எவரும் அறிவிக்கவில்லை என்பதும், அறிந்திருப்பின் அவர் மகளைக் காக்க வேண்டிய வழிகளைத் தேடியிருப்பார் என்பதுமே அது.

அதை வாசித்தபோது, “நான் எதை விடுறது?” என்று என்னிடம் கேட்ட தாயின் முகம் என் கண்முன் வந்து நின்றது. அவருக்கும் அதுவரை எவரும் சொல்லவில்லை. வகுப்பிலே சுவாச மண்டலத்தைப் படம் கீறிக் கற்பிக்கும் நாங்களும் சொல்லவில்லை. இந்தக் கட்டுரையை எழுதத் துணிந்ததற்கு அதுவே காரணம்.

ஒழுங்கையால் நடந்தபின் பையனுடைய நோய் நீங்கிவிட்டது என்று நான் எழுதினால் அது பொய்யாகும். மருந்தை அவன் இன்றும் கைவிடவில்லை. பஸ் வரும் வரை நிறுத்தத்திலிருந்து விலகி, ஒரு கடையின் உட்பக்கத் திண்ணையில் இருப்பான். சந்தியிற் பின்வாங்கி நிற்பான். இரவிலே இழுப்பு வந்த நாட்கள் குறைந்தன என்று தாயார் சொன்னார். திங்கட்கிழமைகளில் அவனுடைய ஆசனம் வெறுமையாக இருந்ததும் குறைந்தது என்பதை வரவு இடாப்பில் நானே கண்டேன். வகுப்பை இடையில் நிறுத்தாமலே அவன் பரீட்சை எழுதினான்.

பரீட்சை முடிந்த மறுநாள் வீட்டுக்கு வந்தவனிடம், “இப்ப எந்த வழியாலை தம்பி போறாய்?” என்று கேட்டேன். “காத்தைப் பாத்துத்தான், சேர்” என்றான்.

தீவகத்தில் நம் முன்னோர் கடலுக்குக் கற்ற பாடத்தை, அவன் தெருவுக்கும் கற்றுக்கொண்டான். தெருவை ஆளுகிறவர்களும் அதைக் கற்றுக்கொள்வார்களாயின், அடுத்த பிள்ளை சுற்றுவழி தேட வேண்டியிராது.